இரண்டாம் பாதி கொஞ்சம் லாக்

கடைசிப் பந்தைப் பச்சைப் பாயின் மேல் வைத்துவிட்டு, கோல்ஃப் கோச் நாலடி தள்ளி நின்றுகொண்டான். மட்டை எட்டாத தூரம். பத்து வகுப்பில் என்னைப் பற்றி அவன் கற்றுக்கொண்டது அது.

"அவசரப்படாதீங்க சார். தலை கடைசியா வரட்டும்."

மட்டையின் தலையைச் சொல்கிறான். என் தலையைச் சொல்லியிருந்தால் கவலையே இல்லை. ஐம்பத்தெட்டு வருடமாக அது எல்லா இடத்துக்கும் கடைசியாகத்தான் வந்துகொண்டிருக்கிறது.

இந்த விளையாட்டில் அதற்கு 'லாக்' என்று பெயராம். முதலில் இடுப்பு திரும்ப வேண்டும். அப்புறம் தோள், அப்புறம் கை. மட்டையின் தலை மட்டும் பள்ளிக்கூடம் போக மனமில்லாத குழந்தை மாதிரி பின்தங்கியே வந்து, பந்துக்குப் பக்கத்தில் சாட்டையாக விசிறும். பொறுக்காமல் மணிக்கட்டை நாமே முன்கூட்டி விசிறிவிட்டால் வேகமெல்லாம் காற்றுக்குப் போய்விடும். பந்துக்கு மிச்சம் இருக்காது.

எனக்குத் தெரிந்த லாக், படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வது. முதல் பாதி பரவாயில்லை, இரண்டாம் பாதி லாக். அதே குறையை இங்கே வெயிலில் நின்று கற்றுக்கொள்கிறார்கள்.

நான் கற்றுக்கொள்ள வரவில்லை. இவனைக் கழித்துக்கட்ட வந்தவன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் மகள், கட்டினால் இவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். என்ன வேலை என்று கேட்டேன். பந்தை எப்படி அடிப்பது என்று சொல்லித் தருகிறார் என்றாள். அதற்கு ஒரு ஆளா என்று கேட்டுவிட்டு, இரண்டு நாள் நானே காபி போட்டுக் குடித்தேன்.

அவள் 'அவர்' என்பாள். நான் 'அவன்' என்பேன். இன்னும் எதுவும் முடிவாகவில்லையே.

அவள் அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மேல் தட்டில் இருக்கும் டப்பாவை எடுத்துக் கொடுக்கக்கூட எனக்கு அவள் வேண்டும். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் ஏதாவது வேலை வந்துவிடுகிறது.

இன்று சாயங்காலம் பதில் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பம்ப் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது என் வேலை. முப்பத்தொரு வருடமாகக் குறை கண்டுபிடித்துச் சாப்பிடுகிறேன். ஒரு பம்பையே திருப்பித் திருப்பிப் பார்க்காமல் வெளியே விடாதவன், பெண்ணை விடுவேனா? நடைப்பயிற்சி என்று வீட்டில் சொல்லிவிட்டு, மச்சான் பெயரைக் கொடுத்து இங்கே சேர்ந்தேன். மாட்டினால் அவன் மாட்டட்டும்.

சட்டைப் பையில் குறிப்பேடு. முதல் வகுப்பு: நான்கு நிமிடம் முன்பே வந்து நிற்கிறான், வேறு வேலை கிடையாது. மூன்றாவது: மெதுவாகப் பேசுகிறான், எதையோ மறைக்கிறான். ஐந்தாவது: செல்போனைப் பார்த்துத் தனியாகச் சிரிக்கிறான், பெண் சகவாசம். அந்தப் பெண் யார் என்று அன்றைக்கு வீட்டில் மகள் செல்போனைப் பார்த்துச் சிரித்தபோது தெரிந்தது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

உருப்படியாகத் தேறியது ஒரே குறை. பக்கத்துப் பாய்களில் நிற்பவர்களை மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றச் சொல்கிறான். எனக்கு மட்டும் இடுப்பு உயரம், அரைச் சுற்று. நானும் வீம்புக்குத் தூக்கப் போனால், போதும் என்று ஓடிவந்து தடுப்பான். கிழவனுக்கு இது போதும் என்ற அலட்சியம். சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தேன். சாயங்காலம் மகள் முன்னால் எடுத்துப் போட வேண்டிய வரி.

மட்டையைப் பின்னால் கொண்டுபோனேன். அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையில், மணிக்கட்டை விசிற மறந்துபோனேன்.

டக்.

பத்து வகுப்பில் நான் கேட்காத சத்தம். வழக்கமாகப் புழுப் போல ஊர்ந்து போகும் பந்து, நூறு மீட்டர் பலகையை நோக்கிப் பறந்துகொண்டிருந்தது.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். பக்கத்தில் குரல் கேட்டது.

"தோள்பட்டை வலிக்கலையே மாமா?"

யாரோ மாமா வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் பந்துக் கூடை மட்டும் இருந்தது.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போல. நாக்கைக் கடித்துக்கொண்டு, நேராக இருந்த பாயைக் குனிந்து நேராக்கினான்.

என் வலது தோள்பட்டை ஒரு வருடமாக இறுகிக் கிடக்கிறது. கை தோளுக்கு மேல் எழும்பாது. இங்கே யாரிடமும் நான் மூச்சுவிட்டதில்லை. மச்சானுக்கோ தோள்பட்டையில் ஒரு குறையும் கிடையாது. விஷயம் தெரிந்தது, மேல் தட்டிலிருந்து டப்பா எடுத்துக் கொடுப்பவளுக்கு மட்டும்.

அப்படியானால் நான் யார் என்று அவனுக்கு முதல் நாளே தெரியும். பத்து வகுப்பும் ஒரு தடவைகூடக் கையைத் தூக்கவிடவில்லை. புது ஷூ போட்டுக்கொண்டு நடக்கப் போகிறேன் என்றபோதெல்லாம் மகள் ஏன் ஒன்றும் கேட்கவில்லை என்பதும் இப்போதுதான் வந்து சேர்ந்தது. சொன்னேனே, என் தலை கடைசியாகத்தான் வரும்.

சிவப்பு மை வரி சட்டைப் பைக்குள் குத்தியது.

மாமா என்று கூப்பிட்டால் பதிலுக்குக் கூப்பிட ஒரு சொல் இருக்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விசிறவில்லை. சாயங்காலம் மகள் பக்கத்தில் இருக்கும்போது வரட்டும்.

வலிக்கவில்லை என்று தலையாட்டிவிட்டு, இன்னொரு பந்து கேட்டேன்.

அவர் குனிந்து வைத்தார்.