நான்கெழுத்துப் பெயர்

மதி.

அப்படித்தான் அவன் படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. இன்று சமையல் அவன் முறை. ஒரு கையில் தோசைத் திருப்பி, மறு கையில் போன். ஆபீஸ் நண்பன் ஓர் இணைப்பை அனுப்பியிருந்தான்: 'டேய் எழிலா, இது உன் சம்சாரம் எழுதுனதாமே!'

ஆமாம், மேகலா எழுதியதுதான். ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன லைப்ரரி. வரிசையாக அடுக்கிய தகவலை, அதாவது அரேயை, அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கும். கரண்ட் போனாலும் தகவல் போகாது. கடுகு தாளிக்க அண்டா எதற்கு என்று, பெரிய டேட்டாபேஸ் எதையும் இழுத்துக் கட்டாமல் எழுதியிருந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ளலாம்.

போன வாரம் அவள் காட்ட வந்தபோது, "அப்புறம் பாக்கறேன்" என்றான்.

பார்க்கவில்லை. பார்த்தால் பாராட்ட வேண்டியிருக்குமே.

இருவருக்கும் ஒரே தொழில். அவன் ஆரம்பித்தவை ஏராளம், முடித்தது ஒன்றும் கிடையாது. அவள் சத்தமில்லாமல் ஆரம்பித்தாள், முடித்தும்விட்டாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? அவன் அதை 'வேலை ஜாஸ்தி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

இப்போது திறந்து பார்த்தால், ஆங்கிலத்தில் நான்கே எழுத்து. எம், ஏ, டி, ஐ.

மதி.

அட, பெயர் வைக்க ஊரில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

மதியழகன், அவளுடைய பழைய ஆபீசில் டீம் லீட். எல்லாருக்கும் அவன் மதி. கல்யாணத்துக்கு வந்தவன் வந்தோமா, சாப்பிட்டோமா என்று போகாமல் மேடையேறி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கினான். "மேகலா கோட் எழுதினா கோலம் போட்ட மாதிரி இருக்கும் சார்" என்றான்.

அந்த வார்த்தை அன்றைக்குத் தைத்தது, இன்னும் வெளியே வரவில்லை. அது உண்மை என்பதுதான் கூடுதல் வலி.

தோசை கருகியது.

அவன் லைப்ரரியின் உள்ளே போய்ப் படித்தான். குற்றம் கண்டுபிடிக்கத்தான். மருமகள் பெருக்கிய வாசலை மாமியார் பார்ப்பது மாதிரி மூலை மூலையாகப் பார்த்தான். ஒரு தூசி அகப்படவில்லை. எழுதும்போது பாதியில் மெஷின் நின்றாலும் பழைய கோப்பு கெடாது. புதியதை வேறிடத்தில் முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பழையதன் இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தாள்.

தனக்கு அது தோன்றியிருக்காது என்று அவனுக்குத் தெரியும்.

கீழே யார் யாரோ நன்றி சொல்லியிருந்தார்கள். பிரேசில்காரன் ஒருவன் இதயம் இதயமாகப் போட்டிருந்தான். எல்லார் வாயிலும் அந்தப் பெயர்தான். மதி அருமை. மதி போதும். மதி இல்லாமல் எப்படி இருந்தேனோ.

எப்படி இருந்தாயோ!

கேட்பதா, வேண்டாமா? கேட்டால் சின்னப் புத்தி. கேட்காவிட்டால் இந்த மதி தினமும் இந்த வீட்டில் இலை போட்டு உட்காருவான்.

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போனான். அவள் தரையில் சம்மணமிட்டு, யாருக்கோ பதில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு மதி?"

"எந்த மதி?"

போனை நீட்டினான்.

பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்த சிரிப்பில் எதிர் ஃபிளாட் நாய் குரைத்தது.

"ஐயோ சாமி! அது மதி இல்லீங்க, மடி! மடியில கனமில்லேன்னா வழியில பயமில்லைம்பாங்கள்ல? கனமே இல்லாத லைப்ரரி. அதான்."

மடி.

வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். எம், ஏ, டி, ஐ. அதே எழுத்துதான். கனம் யார் மடியில் இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, நல்ல வேளை.

அத்தோடு விட்டிருக்கலாம். அவள் விடவில்லை.

"மொதல்ல உங்க பேருதானுங்க போட்டுப் பாத்தேன். பொண்ணு பாக்க வந்தப்பவே, ஒரு லைப்ரரி எழுதி ஊருக்கே குடுக்கணும்னு சொன்னீங்கல்ல? அந்த நெனப்புல. எந்த வீணாப்போனவனோ முன்னாடியே புடிச்சு வெச்சிருக்கான்."

லைப்ரரிகளைப் போட்டு வைக்கும் அந்தப் பொது இடத்தில் ஒரு பெயர் ஒருவருக்குத்தான். முந்தினவருக்குச் சொந்தம். பிந்தினவர் வேறு பெயர் தேட வேண்டியதுதான்.

அவனுக்கு மறுபடியும் எரிந்தது. பெண்டாட்டி ஆசையாகத் தேடிப் போன இடத்தில், தன் பெயரைப் போட்டுக்கொண்டு எவனோ உட்கார்ந்திருக்கிறான். எவன் அவன்?

போனில் தன் பெயரைத் தட்டினான்.

பக்கம் திறந்தது. எழிலன். உள்ளே ஒரு வரி கோட் இல்லை. 'விரைவில்' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏற்றிய தேதி, அவர்கள் கல்யாணத்துக்கும் முன்னால்.

ஓரத்தில் வட்டத்துக்குள் சொந்தக்காரனின் படம்.

தலை நிறைய முடியோடு, அவனேதான் சிரித்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுப் பாத்தா குடுத்துருவானாங்க?" என்றாள் மேகலா, திரையிலிருந்து தலையைத் தூக்காமல். "அடுத்து எழுதுறதுக்கு வெச்சுக்கலாம்."



அவன் அந்தக் கணக்கின் பழைய பாஸ்வேர்டை யோசித்துக்கொண்டிருந்தான்.