பாய்லர்களின் பிரதிநிதி

'டங், டங்' என்று கணீரென ஒலித்துக்கொண்டே வந்த சத்தம் ஓரிடத்தில் மட்டும் 'தொப்' என்று விழுந்தது. சோதனைக்காரர் ஆலை பாய்லரின் வயிற்றைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த நாள் அது. "இங்கே தகடு மெலிய ஆரம்பிச்சிருக்கு. அடுத்த வருஷம் இந்த இடத்தை மறுபடி பார்க்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பாய்லரின் தலையில் உட்கார்ந்திருந்த கிழட்டு வால்வு அந்தச் சத்தத்தை மறக்கவே இல்லை.

சோதனை எப்போது நடக்க வேண்டும் என்று தீர்மானிப்பது ஊர் மணிக்கூண்டு. கூரைக்கு மேலே தலை நீட்டியவர்களோடு மட்டுமே அது பேசும். அதனால் எல்லா ஆலைகளிலும் புகைபோக்கிதான் பாய்லருக்குப் பிரதிநிதி.

வருஷம் திரும்பியதும், சோதனை எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் வேண்டும் என்று மணிக்கூண்டு பிரதிநிதிகளிடம் கருத்துக் கேட்டது.

"தம்பி, அந்தத் தொப் சத்தத்தைச் சொல்லிடு. பாய்லர் அண்ணனால முன்னே மாதிரி மூச்சுப் பிடிக்க முடியல" என்று புகைபோக்கியிடம் சொன்னது வால்வு.

"நம்ம வீட்டுக் குறையை ஊர்ச் சபையில சொல்லுவாங்களா அக்கா? சோதனைன்னா அடுப்பை அணைப்பாங்க. நான் புகையில்லாம மொட்டையா நிக்கணும். பக்கத்து ஆலைக்காரன் சிரிப்பான்."

"உனக்கு மானம் போகும். அவருக்கு உயிரே போகும்டா."

"விடு தாயி," என்றது பாய்லர் களைப்போடு. "அவன்தான் பேசத் தெரிஞ்சவன்."

சாயங்காலம் புகைபோக்கி மேலிருந்து கூவியது: "ஜெயிச்சாச்சு அண்ணே! இனிமே மூணு வருஷத்துக்கு ஒருதரம்தான் சோதனை!"

ஊரிலுள்ள புகைபோக்கிகள் எல்லாம் வாழ்த்திப் புகை விட்டன. வால்வு கொஞ்சம் நீராவியைப் பெருமூச்சாக விட்டது. அதனால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் பாய்லர் அதே இடத்தில் வெடித்தது. வால்வை வெகுதூரத்தில் ஒரு வயலில் கண்டெடுத்தார்கள். பிறகு புது பாய்லர் வந்தது. அதற்கும் அந்தப் புகைபோக்கியே பிரதிநிதி.