ஒருவர் வெட்ட, ஒருவர் எடுக்க

கத்தியை ஐலாவிடம் கொடுத்தேன். வெர்னனை எதிரே நிற்கச் சொன்னேன்.

வகுப்பில் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசாதவர்கள் அவர்கள் இருவர்தான். இருவருக்கும் ஐம்பது வயதிருக்கும். அன்றைய பாடத்துக்கு அப்படி முன்பின் பழக்கமில்லாத இரண்டு பேர்தான் வேண்டும்.

நர்சிங், வெல்டிங் என்று எதையோ படிக்க தண்டர் பே நகரக் கல்லூரிக்கு வந்து, ஒரு கணக்குப் பாடத்திலாவது தேறியாக வேண்டும் என்ற விதியில் மாட்டிக்கொண்டவர்கள் என் மாணவர்கள். கேக் கொண்டுவந்தால்தான் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பாதி சாக்லேட், பாதி எலுமிச்சை என்று சொல்லி வைத்திருந்தேன். பேக்கரிக்காரர் முழுக்க எலுமிச்சைக் க்ரீமை அப்பிவிட்டு, ஒரு மூலையில் மட்டும் போனால் போகிறதென்று சாக்லேட் தடவியிருந்தார்.

விதியைச் சொன்னேன். ஒருவர் இரண்டாக வெட்ட வேண்டும். மற்றவர் தனக்குப் பிடித்த துண்டை முதலில் எடுத்துக்கொள்வார். அவர் எதை எடுப்பார் என்று தெரியாததால், எது மிஞ்சினாலும் நஷ்டமில்லாதபடி வெட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

ஐலா யோசிக்கவே இல்லை. அந்தச் சாக்லேட் மூலையை மட்டும் நறுக்கி ஒதுக்கினார்.

வகுப்பே சிரித்தது. வெர்னனுக்கு இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கும் அந்தப் பெரிய துண்டே போதும் என்றான் ஒருவன். இப்படி வெட்டினால் ஏமாந்து போவீர்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

வெர்னன் அந்தச் சின்னத் துண்டை எடுத்துக்கொண்டார்.

சிரிப்பு அப்படியே நின்றது. எந்தத் தைரியத்தில் இப்படி வெட்டினார் என்று ஐலாவிடம் கேட்டேன்.

“எலுமிச்சை பட்டா இந்த மனுஷனுக்கு நாக்கு புண்ணாயிடும். எங்க கல்யாணத்துக்கே ரெண்டு கேக் வாங்க வேண்டியதாப் போச்சு,” என்றார், விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டே.

வெர்னன் நிதானமாக மென்று விழுங்கினார்.

“கேக்கை நீ வெட்டிட்டே. வெள்ளிக்கிழமை வக்கீல் முன்னாடி ஏரிக்கரை வீட்டை நான் வெட்டுறேன்.”

“தாராளமா வெட்டு,” என்றார் ஐலா. கத்தியை மேசையில் வைத்தார். “நாயை எப்படி வெட்டுவே?”

இருவரும் ஒரேசமயத்தில் என் பக்கம் திரும்பினார்கள்.

பிரிக்க முடியாத பொருள்களைப் பற்றி வியாழக்கிழமைதான் பாடம் என்றேன்.

வியாழக்கிழமை நான் போவதற்குள் இருவரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நடுவில் நாய்.