முதுகுக்குச் சேதமில்லை

"குனியாதீக! முழங்காலை மடக்கி உக்காந்து, பெட்டியை நெஞ்சோட அணைச்சு, அப்படியே எந்திரிக்கணும்."

நூலகர் ஜெபராஜ் செய்து காட்டினார். மதுரையில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து, மனிதர் கீழே விழுந்த பேனாவைக்கூட இப்படித்தான் எடுக்கிறார். ஊழியர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

பழனிசெட்டிபட்டியில் ஒரு மாடியில் இருந்த அறக்கட்டளை நூலகம் அன்று தேனிக்கு இடம் மாறுகிறது. உதவியாளர் எப்சிபாவுக்கு முதுகைவிடப் புத்தகங்களைப் பற்றித்தான் கவலை. கடைவீதியில் கடை கடையாக ஏறி, பல்லைக் காட்டிக் கேட்டு வாங்கிய தேர்வுப் புத்தகங்கள். ஒவ்வொன்றும் செங்கல் மாதிரி. வேலைக்குப் படிக்கிற பிள்ளைகள் அவற்றை நம்பித்தான் இருக்கிறார்கள்.

"சார், கரையான் அரிச்ச கழிவையும் புத்தகம் மாதிரியே திராட்சைப் பெட்டியில அடைச்சுக் கதவோரம் தனியா வச்சிருக்கேன். பேப்பர் கடை சங்கிலி அண்ணன் வந்து எடுத்துக்கிருவாக."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீயே இடுப்பு வலிக்குப் பெல்ட்டு போட்டவ. புதுக் கட்டடத்துல போயி அலமாரியத் தொடம்மா."

அவள் படியிறங்கும்போது மேலேயிருந்து அவர் குரல் கேட்டது. "நம்ம ஆளுக லேசான பெட்டியா மட்டும் தூக்குங்க. கனமானதை ஒருத்தரும் தொடக் கூடாது, கதவுப் பக்கமா நகத்தி வைங்க. அதுக்கு லோடுமேன் வருவாக."

மனிதர் ஒருமுறையாவது உருப்படியாகப் பேசுகிறாரே என்று எப்சிபா நிம்மதியாகப் போனாள்.

மாலைக்குள் திராட்சை அட்டைப்பெட்டிகள் தேனியில் வந்து இறங்கின. தூக்கி வந்த ஒருவர் முகத்திலும் வியர்வை இல்லை.

"பாத்தியாம்மா? முறையாத் தூக்குனா புத்தகம் பஞ்சு மாதிரி! ஒருத்தனுக்காவது சுளுக்கு உண்டா?"

எப்சிபாவுக்கே மெச்சத் தோன்றியது. இத்தனை நாள் அவரைக் கேலி செய்ததற்காகத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள். ஆசையாக முதல் பெட்டியைப் பிரித்தாள். கரையான் மண் மடியில் கொட்டியது. அடுத்ததிலும் அதே. மற்ற பெட்டிகளையும் அசைத்துப் பார்த்தாள்; எல்லாமே லேசு.

"சார், கனமான பெட்டியெல்லாம் எங்கன?"

அவர் பதில் சொல்வதற்குள் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் பேப்பர் கடை சங்கிலி மூச்சு வாங்கினார்.

"சார், கதவோரம் இருந்த கழிவு பூராத்தையும் பேப்பர் மில்லுல அரவைக்குப் போட்டாச்சு. ஆத்தாடி, என்னா கனம்! தூக்குன அத்தன பேருக்கும் முதுகு போச்சு சார்!"