எழுந்து சிரித்தானா?

கங்காதரன் பாடையில் கிடந்தான். நெற்றியில் ஒற்றை ரூபாய், கழுத்தில் சாமந்தி மாலை, மூக்கில் பஞ்சு. சுற்றி நின்ற கூட்டமோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

கல்பனா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினாள். புருஷனை இந்தக் கோலத்தில் டிவியில் பார்க்க அவளால் முடியவில்லை.

போன வருஷம் திருத்தணி நந்தி ஆற்றங்கரையில் ‘கோடி வீட்டுக் கூத்து’ என்ற காமெடி நாடகத்தின் படப்பிடிப்பு நடந்தது. பிணமாகப் படுக்க ஒல்லியாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த கங்காதரன் போய்ப் படுத்தான். அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அரக்கோணம் ரோட்டில் வண்டி கவிழ்ந்து, நிஜமாகவே பாடை ஏறிவிட்டான்.

அடுத்த மாதம் அந்தக் காட்சி டிவியில் வந்தது. ஒரு நாள் விடாமல் அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரிக்கும் மாமியார் சந்திரா, அன்றைக்குச் சோற்றுத் தட்டோடு சாய்ந்தாள். அன்று பிடித்த நெஞ்சு வலிக்கு இன்றும் மாத்திரைதான்.

“உனுக்கு இது முன்னாடியே தெரியுமா?” கண் திறந்ததும் மருமகளிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

தெரியும். ‘அம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத’ என்று கங்காதரன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? துட்டுக்கு ஆசைப்பட்டுப் புருஷனைப் பாடையில் படுக்க வைத்தவள் என்ற பேர் கல்பனாவுக்கு நிலைத்துவிட்டது.

போதாததற்கு மார்க்கெட்டில் எவனோ ஒருவன் சொல்லித் தொலைத்தான். பிணமாக நடித்தவனைக் காட்சி முடிந்ததும் எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்துப் படம் எடுப்பார்களாம். அப்போதுதான் தோஷம் கழியுமாம். கங்காதரன் சிரித்தானா, சிரிக்காமல் வந்துவிட்டானா? அங்கே இல்லாத கல்பனா என்ன பதில் சொல்வாள்?

நாளைக்கு முதல் வருஷத் திதி. மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

“அவன் சிரிச்சத எங்கண்ணால காட்டு. சொந்த பந்தம் அத்தினி பேர் முன்னாலயும் உங்கிட்ட மன்னிப்பு கேக்கறேன். இல்லன்னா காரியம் முடிஞ்ச கையோட மணவூருக்கு, உங்க அண்ணன் வூட்டுக்குப் போயிகினே இரு!”

மணவூரில் அண்ணி வாசலிலேயே நிற்க வைத்துப் பேசுகிறவள். கல்பனாவுக்கு இந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

நாடகத்தின் கடைசி சீசன் டிவிடி பெட்டியாக வந்திருக்கிறது, அதில் ஒரு டிவிடி முழுக்கப் படப்பிடிப்பில் நடந்த கூத்துகள்தான் என்று பக்கத்து வீட்டு அனுராதா சொன்னபோதுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பியது. பஸ் ஸ்டாண்டு கடைக்காரரிடம் ஒரு வாரம் நடையாய் நடந்து, கெஞ்சிக் கூத்தாடி வரவழைத்தாள். மாமியார் திதிக்குக் காய்கறி வாங்கப் போன நேரத்தில் அனுராதாவே பிளேயரும் கொண்டுவந்து மாட்டினாள்.

“நாலு டிவிடி ஓட்டி ஓட்டிப் பாத்தாச்சு அக்கா. நீ சொன்ன எடம் இதுல வரலன்னா இனிமே இல்ல,” என்றாள் அனுராதா, கடைசி டிவிடியைப் போட்டபடி.

கல்பனா மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். “முருகா, ஒரே ஒரு சிரிப்பு!”

நடிகர்கள் வசனம் மறந்து விழித்தார்கள். ஒட்டு மீசை பாயசத்தில் விழுந்தது. அப்புறம் ஆற்றங்கரை வந்தது. பாடையும் வந்தது.

“யோவ், எழுந்து சிரிய்யா! சிரிக்காம போவக் கூடாது!” என்று யாரோ கத்தினார்கள்.

கங்காதரன் எழுந்து உட்கார்ந்தான். மூக்கிலிருந்த பஞ்சைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

கல்பனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு வருஷப் பழி ஒரே சிரிப்பில் கரைந்து ஓடுவது போல இருந்தது.

ஆனால் அவன் சிரித்ததோடு நிறுத்தவில்லை. கேமராவுக்குக் கிட்டே வந்து பேச ஆரம்பித்தான்.

“அம்மா, பாக்கறியா? ‘இந்த நாடகத்துல உன்ன ஒரு நாளு பாத்துட்டாப் போதும்டா’ன்னு சொல்லிகினே இருந்தியே, உனுக்கோசரம்தான் வந்து படுத்தேன். பொணமாலாம் படுக்காத, வேணாம்னு கல்பனா அழுதா, நான்தான் கேக்கல. இப்ப சந்தோசமா?”

அனுராதா எழுந்தே விட்டாள். “அக்கா, நீ பொழச்ச! அவங்க வரட்டும், இத அப்பிடியே போட்டுக் காட்டு. இனிமே உன்ன ஒரு வார்த்த பேசுவாங்களா?”

வாசலில் காய்கறிப் பை விழுந்தது. சந்திரா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். இத்தனை நாள் சண்டைக்கு நின்ற குரல் இப்போது கெஞ்சியது.

“இன்னாம்மா, நாடகத்து டிவிடி வாங்கினியாமே, பஸ் ஸ்டாண்டு கடைக்காரரு சொன்னாரு. பாத்தியா? சிரிச்சானா எம் புள்ள? சிரிச்சிருந்தா போடும்மா, நல்லா சத்தமா வையி. அவன் கொரலக் கேட்டு ஒரு வருசம் ஆச்சு.”

அனுராதா வாயைத் திறந்தாள். கல்பனா அவள் கையை அழுத்திப் பிடித்தாள். டிவியை அணைத்தாள். டிவிடியை எடுத்து முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள்.

“இல்ல அத்த, சிரிக்கல.”