நாலாவது திரையும் கலங்கல்

"இதுலயும் படம் கலங்கலா இருக்கே!" என்றார் போட்டோகிராபர்.

கல்யாண வீட்டில் எடுத்த படங்களை அங்கேயே சேமித்து, பெரிதாக்கிப் பார்க்கக் கையடக்கமாக ஒரு கருவி வேண்டுமாம். அவருடைய மெமரி கார்டையே எங்கள் கடையிலிருந்த மூன்று கருவிகளில் போட்டுக் காட்டிவிட்டேன்.

"சார், பொண்ணோட இமை முடிகூடத் தெரியுது!"

"எங்க தெரியுது? நீயே பாரு" என்று மனைவியிடம் நீட்டினார்.

"ஆமாங்க, கலங்கல்தான்" என்றார் அந்த அம்மா, கூசாமல்.

எனக்குச் சுருக்கென்றது. கடையிலேயே உசத்தியானதை எடுத்து வைத்தேன். அதற்கும் இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

அவர் வாசலுக்கு நகர்ந்ததும் அந்த அம்மா கிசுகிசுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. திரையில குறையில்ல. அவர் பார்வைதான் போயிட்டே இருக்காம். டாக்டர் என்கிட்ட தனியா சொன்னாரு. தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

அந்த அம்மா வண்டி பிடிக்கப் போனதும், கேமரா பையை எடுக்கிற சாக்கில் போட்டோகிராபர் திரும்பி வந்தார்.

"தம்பி, என் கண்ணுதான் அவுட்டு. பாவம், அவ திரைதான் மோசம்னு நம்புறா. காட்டிக் கொடுத்துடாதீங்க."

கேமரா பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"வாங்க, அடுத்த கடையில நல்லதா கிடைக்கும்" என்று தெருவிலிருந்து அந்த அம்மாவின் குரல் வந்தது.

"கிடைக்கும், கிடைக்கும்" என்றபடி, அவர் வாசற்படியைக் காலால் தேடினார்.