அணைக்காத டெப்

“சும்மா கெடச்ச சாமானுக்கு அருமை தெரியாது புள்ள. இதுதான் கத.”

ஜெஸீம் ஹாஜியார் அந்த டெப்பின் பெட்டரியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேக்கரிப் பணிஸ் மாதிரி வீங்கியிருந்தது.

கல்முனையில் அரிசி ஆலை வைத்திருப்பவர். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படிக்கும் இருபது பெண் பிள்ளைகளுக்கு டெப் என்கிற கைக்கணினி வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன். கொடுத்ததைச் சொல்லாமல் இருக்கத்தான் அவருக்கு வராது. ஊருக்கு அவர் அடித்துக் கொடுத்த குழாய்க் கிணற்றில் அவர் பெயர் இருக்கும். இறந்தவர்களை அடக்கும் மையவாடிக் கேற்றில்கூட இருக்கும். டெப்பை மட்டும் விடுவாரா? ஆள் பிடித்து, அணைத்துவிட்டு ஓன் பண்ணும்போதெல்லாம் முதலில் தன் படமும் பெயரும் வருகிற மாதிரிச் செய்வித்திருந்தார்.

அந்தப் படத்தைப் பஸ்மிலா அழிக்கிறாள் என்று காதில் விழவும், அஸர் தொழுத கையோடு வந்துவிட்டார்.

பஸ்மிலா போன் திருத்துவது தன் வீட்டு முன்னறையில், பெண்களுக்கு மட்டும். குடும்பப் படங்கள் உள்ள போனைக் கடையில் கொடுக்கத் தயங்குகிறவர்கள் எல்லாம் அவளிடம்தான் வருவார்கள். பாஸ்வேர்டைக்கூடக் கேட்கமாட்டாள். “நீங்களே அடிங்க” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதனால் ஹாஜியார் உள்ளே போகாமல் வாசலிலேயே கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

மேசையில் மூன்று டெப். ஒன்றில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் விறுவிறுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

“என்ன புள்ள செய்றீங்க?”

“பழைய அன்ட்ரொயிட எடுத்துட்டு லினக்ஸ் போடுறன் ஹாஜியார். அதுக்கு இனி அப்டேட் வராது. பாடம் படிக்கிற தளங்கள் சிலது இப்பயே தொறக்குதில்ல. இதப் போட்டா இன்னம் நாலஞ்சு வருஷம் ஓடும்.”

“அப்ப நான் குடுத்தது கூடாத சாமானா?”

“இல்ல, நல்ல சாமான். அதாலதான் மினக்கெடுறன்.”

“பழுதாகிப் போனா?”

“அதுக்குப் பயந்துதான் இதே மாதிரிப் பழசு ரெண்டு தேடி வாங்கினன். ஒண்டு செத்துப் போச்சு. மற்றதுல சரி வந்திச்சு. அதுக்குப் பொறகுதான் புள்ளைகள்ட சாமான்ல கை வெச்சன்.”

ஹாஜியாருக்கு உள்ளுக்குள் பிடித்துப்போனது. ஆலைக்குப் புது மெசின் வந்தால், அவரும் தன் சொந்த நெல்லைத்தான் முதலில் போட்டுப் பார்ப்பார். வந்த கோபத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

வேலை முடிந்த டெப்பை வாங்கி ஓன் பண்ணினார். அவருடைய முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு பென்குயின் குந்தியிருந்தது.

“இதென்ன, வாத்தா?”

“பென்குயின் ஹாஜியார். லினக்ஸ்ட அடையாளம்.”

“இதுல என்ட படத்தப் போட ஏலாதா?”

ஏலாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். பஸ்மிலா பொய் சொல்லவில்லை.

“ஏலும்.”

“அப்ப போடுங்க.”

“வேணாம் ஹாஜியார்.”

அவருக்குச் சுருக்கென்றது. இறங்கிய கோபம் திரும்பவும் ஏறியது.

“இந்த வருஷமும் இருபது டெப்புக்குச் சொல்லி வெச்சிரிக்கன். என்ட பேர் ஆகாதெண்டா நான் ஏன் குடுக்கணும்? விட்டுர்றன்.”

இருபது பிள்ளைகளின் காரியம் என்றதும் பணிந்துவிடுவாள் என்றுதான் நினைத்தார். அவளோ வீங்கிய பெட்டரியை அவர் கையிலிருந்து வாங்கி மேசையில் வைத்தாள்.

“இது மூணுலயும் பெட்டரி இப்பிடித்தான் வீங்கியிருந்திச்சு. ஏனெண்டு தெரியுமா?”

“அதான் சொன்னனே. ஓஃப் பண்ணமாட்டாளுகள். ராவு பகலா சார்ஜ்ல போட்டுட்டுத் திரியிறாளுகள். அருமை தெரியாது.”

“ஓம், ஒரு நாளும் ஓஃப் பண்றல்ல. பள்ளிக்கூடத்துல சார்ஜ் எறங்கி அணைஞ்சிடுமெண்டு பவர் பேங்கும் தூக்கிட்டுப் போறாளுகள்.”

“ஏன் அவ்வளவு பாடு?”

பஸ்மிலா மூன்றாவது டெப்பை நீட்டினாள்.

“இதுக்குப் பெட்டரி மட்டுந்தான் மாத்தினன். உள்ளுக்குள்ள இன்னம் ஒண்டும் மாத்தல்ல. நீங்களே ஓன் பண்ணித் தொறங்க.”

திறந்தார். திரை நிறைய அவர் முகம். வெள்ளைத் தொப்பி, நல்ல சிரிப்பு. அதன் கீழே பெரிய எழுத்தில்: ‘வறிய மாணவர்களுக்கு அல்ஹாஜ் ஜெஸீம் அவர்களின் அன்பளிப்பு.’

“படம் வடிவாத்தானே இரிக்கு?”

“ஓம், வடிவாத்தான் இரிக்கு.” அவள் குரல் தாழ்ந்தது. “ஆனா வகுப்புல அணைஞ்சத ஓன் பண்ணினா, முப்பது பேர் பாத்துட்டு இரிக்கக்குள்ள, இது போய் முடியுமட்டும் அந்தப் புள்ள தலையக் குனிஞ்சிட்டு இருக்கணும். அதுக்குப் பயந்துதான் ஓஃப் பண்றல்ல ஹாஜியார்.”

படம் போகவில்லை. அவர் காத்திருந்தார். இன்னும் போகவில்லை. அவருக்கு வெட்கமாகிவிட்டது. உள்ளங்கையை விரித்து அந்த எழுத்துகளை மூடிக்கொண்டார். ஊரில் ஒருவரும் தன்னிடம் சொல்லத் துணியாததை இந்தப் பிள்ளை சொல்லிவிட்டாளே என்று, அவள் மேல் பெரிய மதிப்பும் வந்தது.

ஒருவழியாகப் படம் மறைந்தது. டெப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்தார்.

“மத்தப் பதினேழையும் எடுத்து மாத்துங்க மகள். புதுசு இருபதையும் நேர இஞ்சதான் அனுப்புவன்.”

கேற்றடிக்குப் போனவர், நின்று திரும்பினார்.

“ஆர் குடுத்ததெண்டு புள்ளைகள் கேட்டா, அந்த வாத்துத்தான் குடுத்ததெண்டு சொல்லுங்க.”